முறை கேட்டு வந்தவர்கள்

எங்கள் பெரியநைனா எதிரில் இரண்டு பேர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அந்நியர்களாக இருந்துவிட முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் "எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார். ஊர் வந்ததும் "எந்தத் தெரு?" தெரு வந்ததும் "யாரு வூடு?" அவ்வளவுதான். அந்த ஆள் யாருக்காவது மாமனாகவோ மச்சானாகவோ ஆகாமல் அங்கிருந்து எழுந்து போக முடியாது. கோட்டை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரைக்கூட ஒருமுறை நிறுத்திவிட்டார். அவர் ஜெர்மனி என்று சொன்னதும் என் பக்கம் திரும்பி, "நம்ம கோணை ஊரு சம்பந்தி மவன் அங்கதான வேலை பாக்குறான்? சொல்லு அவருகிட்ட" என்றார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அந்த மனுஷர் என்ன புரிந்துகொண்டாரோ, கை கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் என் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். அதனால் பெரியப்பா பெரியநைனா. முப்பது வருஷத்துக்கு மேல் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை, திரும்ப அதே வழி. பிள்ளை குட்டி கிடையாது. பெரியம்மா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன், ஆன்லைன் மனு என்று நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. மதியச் சாப்பாடு நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். போனால் உடனே திரும்ப முடியாது. எப்போதும் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எதற்கு வருவார்கள்? முறை கேட்க. எங்கள் சனத்தில் பெண் கொடுத்து பெண் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு வீடும் மாமன் மச்சான் முறையாக இருக்க வேண்டும். பங்காளி என்று ஆகிவிட்டால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி. அதற்கு மேல் பேச்சே கிடையாது. மற்ற இடங்களில் குலதெய்வத்தைக் கேட்டால் தெரிந்துவிடும், ஒரே தெய்வமென்றால் பங்காளி. இங்கே அந்தக் கதை நடக்காது. யாரைக் கேட்டாலும் மலையனூர் அங்காளம்மன் என்பார்கள். அப்படிப் பார்த்தால் பாதி ஜில்லாவே அண்ணன் தங்கச்சிதான். ஆகவே ஜாதகம், சம்பளம், செல்போனில் போட்டோ எல்லாம் பொருந்திய பிறகும் கடைசியில் ஒரு பெரிய மனுஷனிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பெரிய மனுஷன் எங்கள் பெரியநைனா.

இத்தனையும் அவருக்கு எப்படித் தெரியும்? பஸ் படியில் நின்று பார்த்த பார்வைதான். யார் சீர்த் தட்டோடு ஏறினார்கள், எந்த ஸ்டாப்பில் இறங்கினார்கள், எந்தச் சாவுக்கு யார் கோடித்துணி கொண்டு போனார்கள், கருமாதி முடிந்து யார் யார் மொட்டைத் தலையோடு வந்தார்கள், எல்லாம் மனசில் இருக்கும். ஒரு நோட்டிலும் எழுதியதில்லை. கருமாதிக்குப் பங்காளி ஆம்பளைகள்தான் மொட்டை போட வேண்டும் என்பதால் மொட்டைத் தலையைப் பார்த்தே அவர் வம்சம் பிரித்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஞாபகத்தால் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. ஒரு சித்திரையில் ராஜகிரி மலை ஏறின காலேஜ் பையன் ஒருத்தன் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான். தனியாக வந்தவன். போன் லாக் ஆகியிருக்கிறது, யாரென்று தெரியவில்லை. ஜி.எச்.சில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெரியநைனா ஏதோ மாத்திரை வாங்கப் போனவர் எட்டிப் பார்த்து, "இந்தக் காதைப் பாரு, மடல் ஒட்டிக்கிட்டு இருக்குது. இது வளத்தி ஊரு மளிகைக்கடைக்காரர் வூட்டுக் காது" என்றார். நர்ஸம்மா சிரித்தார்களாம். முக்கால் மணி நேரத்தில் மளிகைக்கடைக்காரர் அலறிக்கொண்டு வந்து நின்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

பெங்களூரில் வேலை கிடைத்துத் தங்க இடமில்லாமல் நின்ற இன்னொரு பையனுக்கு இங்கிருந்தே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பி, அவன் ஆபீஸிலேயே மூன்றாம் மாடியில் வேலை பார்க்கிற ஒருத்தி அவனுக்கு அத்தை முறை என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். இரண்டு வாரமாக ஒரே லிஃப்ட்டில் போய் வந்தவர்கள் அவர்கள். அந்த அத்தை வீட்டு மாடியில்தான் பையன் அப்புறம் குடியிருந்தான். இளவட்டங்கள் அவரை வைத்து ஒரு குரூப்பே நடத்தினார்கள். துபாயிலிருந்தெல்லாம் கேட்பார்கள், தாத்தா இவங்க நமக்கு என்ன ஆவணும் என்று. அவர் போனை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கத்துகிற மாதிரியே பதில் சொல்வார்.

பஸ்ஸில் சீட்டுக்கு அடித்துக்கொண்ட இரண்டு பொம்பளைகள் கதையை அவரே அடிக்கடி சொல்வார். மயிரைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போய்விட்டதாம். இவர் விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டு, "ஏம்மா, நீ கட்டிக்கினவனுக்கு இவ கூடப்பிறக்காத அக்கா. நாத்தனாரை அடிப்பியா நீ?" என்றாராம். இரண்டு பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து மலையனூர் வரைக்கும் அழுதுகொண்டே போனார்களாம். "சொந்தம்னு தெரிஞ்சா மனுஷன் இளகிப்புடுவான்மா" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். சொந்தம் இல்லையென்றால் அடித்துக்கொள்ளலாமா பெரியநைனா? கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் தங்கச்சி மலர் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கூட வேலை பார்த்த குமரேசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அனந்தபுரத்துப் பையன், அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் சனம்தான். ஜாதிச் சண்டை, வெட்டு குத்து எதுவும் வராத காதல். நைனாவே ஒத்துக்கொண்டார். அந்தம்மா வந்து பூ வைத்துவிட்டுப் போவதற்கு நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. முறை ஒன்றுதான் பாக்கி.

நைனாவுக்குத் தன் பங்காளிகள் யாரென்றே தெரியாது. எங்கள் தாத்தா பங்காளிச் சண்டையில் மலையனூர் பக்கத்திலிருந்து சொந்த ஊரை விட்டுக் கிளம்பி செஞ்சிக்கு வந்தவர். நைனாவுக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலேயே செத்துப் போனார். அந்தப் பக்கம் குமரேசன் வீட்டிலும் பழைய ஆட்கள் யாருமில்லை. அதனால் இரண்டு வீடும் சேர்ந்து பெரியநைனாவிடம் வந்து உட்கார்ந்தோம். நான் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மலர் என் பின்னால் நின்று என் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அவர் குமரேசனின் தாத்தா பேரைக் கேட்டார். வீடு எங்கே என்று கேட்டார். கண்ணை மூடினார். திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"வேணாம்யா" என்றார். "பங்காளி. அண்ணன் தங்கச்சி ஆவணும்."

அந்தம்மாதான் முதலில் எழுந்து, "நல்ல வேளை, முன்னாடியே தெரிஞ்சுது. பெரிய பாவத்துலேருந்து அம்மா காப்பாத்திட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நைனாவும் போட்டுக்கொண்டார். குமரேசன் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மலர் நாலு நாள் சோறு தின்னவில்லை. நான் நேரே பெரியநைனாவிடம் போய், "உனக்கு எப்டித் தெரியும்? எதை வெச்சு சொன்ன?" என்று சண்டைக்கே நின்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"நான் வண்டியில சேர்ந்த புதுசு. உங்க தாத்தா ஊர்ல ஒரு பெரிய சாவு. சண்டையின்னாலும் கருமாதிக்குப் போவாம இருக்க முடியுமா? போயி மொட்டை போட்டுக்கிட்டு மலையனூர் ஸ்டாப்புல ஏறுனாரு. கூடவே இன்னொருத்தரு ஏறுனாரு. அவரும் மொட்டை. வெயிலுக்கு ரெண்டு பேருமே தலையில துண்டு போட்டிருந்தாங்க. ஒரே சீட்டுல உக்காந்தாங்க. அவரு மடியில சின்னப் புள்ளை ஒண்ணு அழுதுக்கிட்டே வந்துது. உங்க தாத்தா ஜன்னல்ல முறுக்கு வாங்கி அதுக்குக் குடுத்தாரு. எறங்கும்போது அந்த ஆளை ஊரு, பேரு கேட்டேன். அனந்தபுரத்துக்காரரு. உன் குமரேசனோட தாத்தா அவருதான்."

"செத்தது யாருன்னு அவரைக் கேட்டியா?"

"துக்கத்துல வர்றவனைப் பார்த்து யாரு செத்தான்னு கேப்பாங்களா?" என்றார். அப்புறம் என் கையைத் தட்டிக் கொடுத்து, "பங்காளி இல்லாம ஒருத்தன் இன்னொருத்தன் புள்ளைக்கு முறுக்கு வாங்கிக் குடுப்பானாம்மா?" என்றார்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அவர் சொல்கிற தோரணை அப்படி. வீட்டுக்கு வந்து அப்படியே மலரிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மனக்கசப்பு இருக்கக்கூடாது என்று பெரியநைனாவே குமரேசனையும் அவன் அம்மாவையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டி வந்தார். பங்காளி என்று தெரிந்த பிறகு விட்டுவிட முடியுமா, இத்தனை நாள் பிரிந்த சொந்தமாயிற்றே! எல்லார் எதிரிலும், "அண்ணனுக்குத் தண்ணி குடும்மா" என்று மலரிடம் சொன்னார். அவள் சொம்பைக் கொண்டுவந்தாள். "அண்ணான்னு கூப்புட்டுக் குடு" என்றார். அவள் கூப்பிட்டாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நிஜமாகவே நல்லது செய்வதாக நினைத்து, கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு மலருக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். நல்ல மனுஷர்தான், ஆனால் மானம் மரியாதை என்று எதற்கெடுத்தாலும் எகிறுகிறவர். குமரேசனுக்கும் அனந்தபுரத்திலேயே கல்யாணம் ஆனது. மலர் கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் குமரேசன் செய்தான். எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அன்று முதல் வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, புடவை என்று சீர் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போவான். அரை மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுவான். அவன் அம்மாவை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். நைனா செத்தபோது அவன்தான் எல்லாம் முன்னே நின்று பார்த்தான். பெரியநைனா அவனைக் காட்டிக் காட்டி, "பாத்தியா, நான் சேர்த்து வெச்ச சொந்தம்" என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

பதினாலு வருஷம் இப்படியே ஓடியது.

போன ஐப்பசியில் சின்னம்மா ஒரு பழைய போட்டோவை மஞ்சப்பையில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருந்தது. ஸ்கேன் பண்ணிப் பெரிசாகப் போட்டுத் தரச் சொன்னார்கள். மலையனூர் கோயில் எதிரில் எடுத்தது. ஒரு பெரியவர், மடியில் மூன்று வயசுப் பிள்ளை. பெரியவர் தலை மொட்டை. திரையில் பெரிசாக்கியபோது தலை முழுக்கச் சந்தனம் பூசியிருப்பது தெளிவாகத் தெரிந்தது.

"இது யாரு சின்னம்மா?"

"எங்க மாமனாருதான். மடியில இருக்கறது உங்க சித்தப்பா, குமரேசன் அப்பா. இதுக்கு அம்மை போட்டு பொழைக்குமோ பொழைக்காதோன்னு ஆயிடுச்சாம். பொழைச்சதும் அம்மாளுக்கு மொட்டை போட்டுக்கினு வந்தாரு. அன்னிக்கு எடுத்த போட்டோதான் இது" என்றார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "எங்க மாமியார் சாவுறவரைக்கும் ஒண்ணு சொல்லிச் சொல்லி பயப்படும். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கருமாதிக்குப் போயிட்டு வந்த ஒருத்தரு பக்கத்துல உக்காந்தாராம். யாரோ எவரோ, புள்ளை அழுவுதேன்னு முறுக்கு வாங்கிக் குடுத்தாராம். சாமிக்கு வேண்டிக்கிட்ட புள்ளை தீட்டுக்காரன் கையால வாங்கித் தின்னுடுச்சேன்னு அதுக்கு அடிச்சுக்கும்" என்றார்கள்.

சாவு மொட்டைக்கு யாரும் சந்தனம் பூசுவதில்லை. துண்டுக்குக் கீழே இருந்ததைப் பெரியநைனா பார்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் தாத்தாவும் அந்த மனுஷரும் ஒருவருக்கொருவர் யாருமே இல்லை. அழுகிற பிள்ளைக்கு ஒரு முறுக்கு. சும்மா, வழியில் போகிறவன் வாங்கிக் கொடுத்த முறுக்கு. அப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்றே பெரியநைனாவுக்குத் தோன்றவில்லை.

சின்னம்மாவிடம் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் போனதும் இன்னொரு பிரதி எடுத்தேன். மதியச் சாப்பாட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் போட்டேன். ஆத்திரத்தில் என்னென்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. என் தங்கச்சி வாழ்க்கையை அழித்துவிட்டாய் என்றேன். எத்தனை பேரை இப்படி அழித்தாயோ என்றேன். எண்பதை நெருங்குகிற மனுஷரிடம் பேசுகிற பேச்சா அது?

அவர் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். "சந்தனம்" என்றார். சாப்பாட்டுக் கேரியரைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ போம்மா, கடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருப்பே" என்றார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேதான் படி இறங்கினேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் மலருக்குப் போன் போட்டேன். அவள் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? அவள் மேல் தப்பே இல்லை, அவள் ஆசைப்பட்டது பாவமே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"அந்த போட்டோ அவங்க சாமி ரூம்புல மாட்டியிருந்துது. மூணாவது பொங்கலுக்கு சீர் கொண்டாந்தப்ப முறுக்குக் கதையை அவரு சும்மா சிரிச்சிக்கினே சொன்னாரு. அவருக்கு பெரியநைனா எதை வெச்சி சொன்னாருன்னு தெரியாது. எனக்குத் தெரியுமே, நீதான சொன்ன. அப்பவே புரிஞ்சுபோச்சு. நான்தான் அவருகிட்ட சொன்னேன்."

"சொல்லிட்டு? அதுக்கப்புறமும் அண்ணான்னா கூப்புடுற?"

"பின்ன எப்டி கூப்புடறது?" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு புள்ளை, அவருக்கு ரெண்டு புள்ளை. நாங்க ஒண்ணும் தப்பு பண்ணலக்கா. வருஷத்துல ஒரு நாளு. வர்றாரு, எதிர்ல உக்கார்றாரு, நான் காபி குடுக்குறேன், எங்க வூட்டுக்காரரும் பக்கத்துலதான் இருக்குறாரு. அண்ணன்னு இருக்கறதாலதான் உள்ள வர முடியுது. அண்ணன் இல்லன்னு ஆயிட்டா இந்த வாசப்படியை மிதிக்க முடியுமா? எங்க வூட்டுக்காரரு மனசுல இன்னா ஓடும்னு உனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் எடுத்துக்கினீங்க. அந்த ஒரு டம்ளர் காபியை விட்டுடுங்க. உன் காலைப் புடிக்கிறேன்க்கா, பெரியநைனாவைப் பேச விடாத."

போனை வைத்துவிட்டுப் பெரியநைனா வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி, "வெள்ளைச் சட்டை போட்டுக்கினு அப்பவே கிளம்பிட்டாரு. திண்டிவனம் போறாராம், மருமவன் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும்னாரு. நைட்டெல்லாம் தூங்கலை போல, கண்ணெல்லாம் செவந்திருந்துது" என்றாள். மருமகன் என்றால் யார்? மலர் வீட்டுக்காரர்தான். அவரிடம் போய் இந்தக் கதையைச் சொன்னால்? உங்கள் பெண்டாட்டிக்கு சீர் கொண்டுவருகிறவன் அண்ணன் இல்லை, அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் என்று சொன்னால்?

செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திண்டிவனம் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் பின்னால் முதல் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் போட்டோ. முகச்சவரம் பண்ணி, திருநீறு பூசி, பஞ்சாயத்தில் நிற்கப் போகிறவர் போல இருந்தார். பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எறங்கு பெரியநைனா."

"இல்லம்மா. நான் கட்டுன முடிச்சு. நான்தான் அவுக்கணும்."

"அவுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீ சொன்னதுதான் சரி" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "சின்னம்மாவை இப்பத்தான் போன்ல கேட்டேன். அந்த போட்டோ வேற நாள்ல எடுத்ததாம். அவங்க மாமனார் ரெண்டு தடவை மொட்டை போட்டிருக்காரு. அம்மைக்குப் போட்டது ஒண்ணு. அதுக்கு அடுத்த வருஷம் எங்க தாத்தா ஊர்ல ஒரு சாவுன்னு போயி போட்டது இன்னொண்ணு. நான்தான் அவசரப்பட்டு உன்னைப் பேசிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். முப்பது வருஷம் ஜனங்கள் முகத்தைப் பார்த்தே பழகின கண். கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வயசால் அந்தக் கண் மங்கிவிட்டதோ, நம்ப வேண்டும் என்று அவருக்கே ஆசையோ தெரியவில்லை. மெதுவாக அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

"நெஜமாவா?"

"அங்காளம்மா சத்தியமா" என்றேன். பொய்யோடு பொய்ச் சத்தியமும் சேர்ந்துகொண்டது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "எனக்கு அப்பவே சந்தேகம்மா, அது எப்டித் தப்பும்னு" என்றார். "பாவம், நீயும் பதறிட்ட. தங்கச்சி மேல இருக்கற பாசம்." டீக்கடையில் நின்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடாதவர் அங்கேயே மூன்று போண்டா சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து நான் மதியச் சாப்பாட்டோடு போனபோது செத்தவரை கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்கள் பெண்ணும் இருந்தாள், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும், கையில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பையன் சேத்துப்பட்டுக்காரனாம், செல்போன் ஆப்பில் பார்த்ததாம், இரண்டு பேரும் ஆறு மாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பெரியநைனா பையனின் தாத்தா பேரைக் கேட்டார். கண்ணை மூடினார். முன்பைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"பங்காளி" என்றார். "வேணாம்மா, விட்டுடுங்க."

அந்தப் பெண் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் தட்டை இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்கள்.

"ஏம்மா, நீ இவருக்கு மவளா? பொண்ணு ரொம்ப ஆசையா இருக்குது. இவரு சொன்னா தப்பாவே ஆவாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நெஜந்தானா?"

பெரியநைனா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெஜந்தாம்மா" என்றேன்.